தடியனின் ரிமோட்

ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு இருந்தே தீர வேண்டிய நேரம் என்று வாழ்க்கையில் அதிகம் கிடையாது. என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைச் சரத்தோடு எதிரில் உட்கார்ந்து, இந்தத் தலையில் பூ வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரம். மற்ற நேரமெல்லாம் தாராளமாகப் பேசலாம். நான் மற்ற நேரமும் பேசினேன், அந்த நேரமும் பேசினேன். (மற்ற நேரத்தைவிட அப்போது கொஞ்சம் கூடுதலாகவே பேசினாய் என்பார் என் வீட்டுக்காரர்.)

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அப்பா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். முன்பக்கம் வரிசையாக டிவிகள், அவற்றின் முன்னால் தொண்டை கிழியக் கத்தும் பையன்கள். அது அப்பாவின் ராஜ்யம். பின்பக்கம் ஒரு மேஜை, ஒரு விளக்கு, குட்டி ஸ்க்ரூடிரைவர்கள், நான். அது என் ராஜ்யம். கையில் பிடித்து அழுத்தி ஆடுகிற அந்தச் சாமானுக்குக் கம்பெனிக்காரன் கன்ட்ரோலர் என்று பேர் வைத்திருக்கிறான். வைத்துவிட்டுப் போகட்டும். எங்கள் சந்தில் அதற்கு ரிமோட் என்றுதான் பேர். காலையில் கடையைத் திறந்ததும், "தீதி, ரிமோட் கராப் ஹோ கயா", அக்கா, ரிமோட் கெட்டுப்போச்சு என்று யாராவது ஒருவர் அதைக் காய்ச்சல்காரக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

ரிமோட்டுக்கு வராத வியாதி கிடையாது. ஸ்டிக்கைத் தொடவே மாட்டார்கள், டிவியில் ஆள் தானாக நடந்து போய்க் குழியில் விழுவான். பட்டனை அழுத்தினால் அழுத்தினபடியே நிற்கும். ஒயர் இல்லாத ரிமோட் ஒன்று, பக்கத்து வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்த காரைத் திருப்பிவிட்டு இரண்டு குடும்பங்களுக்கு நடுவே சண்டை மூட்டியது. (சுவரோடு சுவர் ஒட்டிய சந்து. எது தன் வீடு என்று அதற்கு எப்படித் தெரியும்?) இதையெல்லாம் நான் திறக்காமலே கண்டுபிடிப்பேன். கையில் வாங்கி ஒரு குலுக்கு, காதில் வைத்து ஒரு ஆட்டு, மூக்கில் வைத்து ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் நான் ஒரு நல்ல மெக்கானிக். நான் ரிமோட்டை வைத்து அதை ஆடுகிற ஆளையே சொல்வேன். "உங்க புள்ள நகம் கடிப்பானே?" "நீங்க இதக் கட்டில்ல படுத்துக்கிட்டுதானே ஆடுதீங்க?" "இதுல சாயா கொட்டுனது நீங்க இல்ல, உங்க தம்பி." கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். வாயைப் பிளக்க ஆள் இருக்கும்வரை நான் ஓயவில்லை. ஆயுத பூஜைக்குக் கடையில் டிவி முதல் ஸ்க்ரூடிரைவர் வரை சகலத்துக்கும் சந்தனப் பொட்டு வைப்பதும் என் உரிமைதான். என் கை பட்டால் எந்த மெஷினும் ஓடும் என்று நானே நம்பினேன், பிறரையும் நம்ப வைத்தேன்.

ராஜ் அப்படித்தான் வந்தான். முழுப் பேர் இசக்கிராஜ். செம்பூர் திலக் நகரில் வீடு, ஏதோ ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. கார் ரேஸ் ஆடுகிற ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். ஸ்டிக் தொளதொளத்துப் போயிருந்தது, ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"யாரு ஆடுதது? நீங்களா?" என்றேன்.

"இல்ல, இல்ல. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வீட்டுக்கு வருவான்" என்றான் அவசரமாக.

"பையனா அவன்? தடியன். கையா அது, உலக்கையா?"

ராஜ் சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் நகைச்சுவைக்கு அப்படி ஒரு ரசிகன் அதுவரை கிடைத்ததில்லை. அதன் பிறகு அந்த ரிமோட் அடிக்கடி வந்தது. கண்ணால் காணாத அந்தத் தடியனை நான் விதவிதமாகத் திட்ட, ராஜ் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, இப்படியே போய் ஒரு நாள் ரிமோட் இல்லாமலே வந்தான். வந்து, "காலி-பீலி சும்மாதான் வந்தேன்" என்றான். அதற்கு மேல் சொல்ல வேண்டிய அவசியம் எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

லவ் என்று வாயைத் திறந்தால் இரண்டு வீட்டிலும் ரகளை ஆகும். அதனால் பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் மாதிரி காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். ராஜின் அப்பா எங்களுக்கு உள்ளாள். சிரித்த முகத்துக்காரர். ஒரு நாள் கடைக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, வீட்டில் போய், "தாராவியில நம்ம ஊர்க்காரங்க, நல்ல குடும்பம், ஒரு பொண்ணு இருக்கு" என்று எதுவும் தெரியாத மாதிரி ஆரம்பித்தார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று, பகவதி அத்தை ஒருத்தர் தவிர. பகவதி அத்தை ராஜின் அம்மா. அதிகம் பேச மாட்டார், அதிகம் சிரிக்கவும் மாட்டார். அவர் கைப்பையில் அம்பர்நாத்துப் பெண் ஒருத்தியின் போட்டோ இருந்தது. அந்தப் பெண் வாயில்லாப் பூச்சி என்று ராஜ் சொன்னான். அதைச் சொல்லும்போது என்னை ஏன் அவ்வளவு கவலையாகப் பார்த்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கடைசியில் அத்தை ஒரு வழிக்கு வந்தார். "வாரேன். பொண்ண நேர்ல பாக்கேன். மனசுக்குப் பட்டா அங்கனயே பூ வச்சுருதேன். படலன்னா காப்பியக் குடிச்சிட்டு வந்துருவேன்." எங்கள் பக்கத்தில் பெண்ணின் தலையில் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, கல்யாணம் உறுதி. வைக்காமல் எழுந்து போனாலும் பேச்சு முடிந்ததுதான்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் நாலரைக்குப் பிறக்கும், அதற்குள் பூ வைத்தாக வேண்டும். அப்பா மாதுங்காவுக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்தார். அம்மா காலையிலிருந்து எனக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்தினாள்.

"ஏட்டி முத்து, கேட்டா மட்டும் பதில் சொல்லு. கேக்கலன்னா தரையப் பாத்துக்கிட்டு இரி."

"கேட்டா?"

"கேட்டா, ஆமாம்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. கத சொல்லாத."

எங்கள் வீடு கடைக்கு மேலேதான். இரும்பு ஏணியில் அத்தை சேலையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறி வந்தார். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ராஜ். உட்கார்ந்தார்கள். காப்பி கொடுத்தேன். நடுவில் பெரிய தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், மல்லிகை. நான் தரையைப் பார்த்தேன். ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணாகவே சிறிது நேரம் இருந்தேன்.

அத்தை காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். கைப்பையைத் திறந்தார். அம்பர்நாத்துப் போட்டோதான் வரப் போகிறது என்று நினைத்தேன். வெளியே வந்தது கைத்துண்டில் சுற்றிய ஒரு ரிமோட். எனக்கு நன்றாகத் தெரிந்த ரிமோட். மூலை நசுங்கிய, தடியனின் ரிமோட்.

"பாட்டு பாடச் சொல்லுவேன்னு நெனச்சியா? பாட்டக் கேட்டு நான் என்ன செய்யப் போறேன்?" என்றார் அத்தை. "எம்புள்ள உன் ரிப்பேர் வேலையப் பத்தி ரொம்ப அளக்கான். நெசமான்னு பாக்கணும். இது உங்க கடையில ரிப்பேர் பண்ணுனதுதான். கொஞ்ச நாளா கார் நேரா போவ மாட்டேங்கு. இடது பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போயி சுவத்துல முட்டுது. வளைவுல அடங்கவே மாட்டேங்கு."

கடைக்கு வருகிற அம்மாக்களில் ஒருவருக்கும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வராது. "ஓட மாட்டேங்கு" என்பதோடு சரி. என் மண்டையில் அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ரிமோட்டைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தரை, தாம்பாளம், அம்மாவின் பாடம் எல்லாம் மறந்துவிட்டது.

"ஆடுத ஆளப் பத்திகூட சொல்லுவியாமே" என்றார் அத்தை. "எங்க, சொல்லு பாப்போம்."

ராஜ் இருமினான். புரைக்கேறிவிட்டது போல என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

"சொல்லுதேன் அத்தே. மொதல்ல, இது பொறுமைன்னா என்னன்னு தெரியாத ஆளு. இந்தா, வலது பக்கம் இருக்கே, இது ஆக்சிலேட்டர். தேஞ்சு வழவழன்னு ஆயிட்டு. இடது பக்கம் பிரேக். பாருங்க, நேத்து வாங்குன மாதிரி இருக்கு. இந்த ஜென்மத்துல பிரேக்கத் தொட்டதில்ல."

"அப்படியா" என்றார் அத்தை.

"அப்புறம் கோவம். மூக்குக்கு மேல வரும். தோத்துட்டா ரிமோட்டத் தரையில ஒரு போடு. இந்த மூலையப் பாத்தாலே தெரியுதுல்லா." நான் ரிமோட்டை மூக்கருகே கொண்டுபோனேன். "தின்னுக்கிட்டே ஆடுத ஆளு. எண்ணெய்ப் பலகாரம். வெங்காய பஜ்ஜி, இல்லன்னா..."

"பருப்பு வடை" என்றார் மாமா, தன்னை அறியாமல். அத்தை மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். மாமா மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை ஆராய ஆரம்பித்தார்.

"கரெக்ட் மாமா, பருப்பு வடை!" எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ராஜ் எதிரிலிருந்து கண்ணை உருட்டினான், கழுத்தை ஆட்டினான், உதட்டில் விரல் வைத்தான். 'பிரமாதம், இன்னும் சொல்லு' என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். கடையில் இதற்கெல்லாம் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறவன் ஆயிற்றே, பெரியவர்கள் முன்னால் அடக்கிக்கொண்டிருக்கிறான், பாவம்.

"மொத்தத்துல சொல்லணும்னா, வீட்டுல கண்டிக்க ஆளில்லாம வளந்த தடியன்."

"முத்து, பஸ், பஸ். போதும்" என்றான் ராஜ்.

"இரு ராஜ், இன்னும் திறக்கவே இல்ல."

(மாப்பிள்ளையை, பூ வைப்பதற்கு முன்பே, பேர் சொல்லி, 'இரு' என்று. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.)

ரிமோட்டைத் திறக்கும்போது எப்போதும் கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்வது என் தொழில் சுத்தம். ஸ்க்ரூ ஓடிவிடக் கூடாது இல்லையா. கைக்கெட்டிய தட்டு தாம்பாளம்தான். வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, மல்லிகைக்குப் பக்கத்தில் வைத்து, அப்பா கீழேயிருந்து கொண்டுவந்த ஸ்க்ரூடிரைவரால் கழற்றினேன். அப்பாவும் தடுக்கவில்லை. அவருக்கும் மகளின் வித்தையை நாலு பேர் பார்க்கட்டும் என்றிருந்தது.

மேல் ஓட்டைத் தூக்கினேன். ஸ்டிக்கின் அடியில் சுற்றிலும் ஏதோ மஞ்சளாகக் காய்ந்து, பாறை மாதிரி இறுகியிருந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு படலம். நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். சிவப்பு, சுத்தமான குங்குமம்.

"அட, கண்றாவியே! இதப் பாருங்க எல்லாரும்!" என்று தாம்பாளத்தை ஒவ்வொருவரிடமாகத் திருப்பிக் காட்டினேன். "ரிமோட்டுக்குப் பொட்டு வச்சிருக்கு! அதுவும் சும்மா தொட்டு இல்ல, குழைச்சு அப்பிருக்கு. உள்ள வழிஞ்சு காஞ்சு போயிட்டு. அப்புறம் ஸ்டிக் எப்படி நேரா வரும்? எந்தக் கூறுகெட்ட ஜென்மம் செஞ்ச வேலை இது? சாமான் செய்தவன் பாத்தா தூக்குல தொங்கிருவான்."

கீழே கடையில் பையன்கள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"முடிச்சிட்டியாம்மா?" என்றார் அத்தை.

"முடிச்சிட்டேன் அத்தே."

"அந்தத் தடியன் நான்தான்."

ரிமோட்டைத் தாம்பாளத்தில் நழுவவிட்டேன். ஆக்சிலேட்டர் பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் உண்டு, ஓட்டைக் கழற்றியிருக்கும்போது கொஞ்சம் அசைந்தாலும் எகிறிவிடும். அது 'டிங்' என்று எங்கோ பறந்தது. என் கல்யாணமும் அதன் பின்னாலேயே பறந்தது போல் இருந்தது.

"காலையில எந்திரிச்சா அடுப்படி, அப்புறம் குழாயடி, அப்புறம் மறுபடியும் அடுப்படி" என்றார் அத்தை, குரலை உயர்த்தாமல். "மத்தியானம் இவரு தூங்குவாரு, இவன் ஆபீஸ் போயிருவான். ஒரு மணி நேரம் என்ன ஏன்னு கேக்க ஆளில்ல. அப்பதான் காரு ஓட்டுதேன். அக்கம்பக்கத்துல சிரிப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவன்கிட்ட சத்தியம் வாங்கிருக்கேன். நாள் பூரா பிரேக் புடிச்சிக்கிட்டே இருக்கவ, அந்த ஒரு மணி நேரத்துலயும் பிரேக் புடிக்கணுமா?"

நான் ராஜைப் பார்த்தேன். அவன் கடையில் அப்படி விழுந்து விழுந்து சிரித்தது என் நகைச்சுவைக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் அம்மாவை நான் திட்டத் திட்டச் சிரித்திருக்கிறான், படுபாவி.

"கோவம் எனக்கு உண்டு. வடையும் உண்டு. ஒத்துக்கிடுதேன்" என்று அத்தை தொடர்ந்தார். "ஆனா அந்தக் கூறுகெட்ட ஜென்மம் நான் இல்ல. ஆயுத பூஜைக்கு மறுநாள் உங்க கடையிலேர்ந்து வரும்போதே இது பொட்டோடதான் வந்துது. கடையில சாமிக்கு வச்சுக் குடுத்திருக்காவ, அழிக்கக் கூடாதுன்னு நான் துடைக்கக்கூட இல்ல. ஆட ஆட வெளிய இருந்தது தானா உதிந்துட்டு."

அப்பா தொண்டையைச் செருமினார். "ஏட்டி... அன்னைக்குக் கடையில இருந்த ரிமோட்டுக்கெல்லாம் சந்தனம் வச்சது நீதானே?"

நான்தான். வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவள், இந்த ரிமோட் வந்ததும், ராஜின் வீட்டு ரிமோட் என்பதால், தனி அன்போடு குழைத்துக் குழைத்து வைத்தேன். மற்றதற்கெல்லாம் பொட்டு, இதற்கு மட்டும் காப்பு. அந்த அன்புதான் உள்ளே வழிந்து காய்ந்திருக்கிறது. கூறுகெட்ட ஜென்மம் என்று நாலு பேர் முன்னால் தாம்பாளத்தில் வைத்துச் சுற்றிக் காட்டியதும் நானே.

அத்தை மல்லிகைச் சரத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பை மடிக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியும். ராஜ் இல்லாமல் இருந்துவிடலாம் என்று அதுவரை ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அழுதிருப்பாள், காலில் விழுந்திருப்பாள். எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு ரிப்பேர் வரும்.

"அத்தே, நான் பேசுனது தப்பு. பொட்டு வச்சது அதவிடத் தப்பு" என்றேன். "பூ வைக்கதும் வைக்காததும் உங்க இஷ்டம். ஆனா எங்க கடையில கெட்டுப்போன சாமான, திறந்த வாக்குல உங்ககிட்ட குடுக்க மாட்டேன். இது ஓடுத வரைக்கும் நீங்க இருக்கணும்."

அத்தை எழுந்திருக்கவில்லை. எனக்கு அது போதும்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஸ்டிக்கைச் சுற்றி ஊறவைத்து, துளித்துளியாகச் சுரண்டி எடுத்தேன். ஸ்டிக் லேசாயிற்று, விட்டால் நடுவில் வந்து நின்றது. அடுத்து ஸ்பிரிங். ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலேட்டர் செத்த பாம்பு மாதிரி தொங்கும். தேடினோம். சம்பந்தம் பேச வந்தவர்கள் எங்கள் வீட்டுத் தரையில் நாலு காலில் போனார்கள். மாமா கட்டிலுக்கு அடியில், ராஜ் பீரோவுக்குப் பின்னால், அப்பா மொபைல் டார்ச்சோடு வாசல்படியில். அம்மா கடிகாரத்துக்கும் எனக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்தாள். "ராகு காலம் வருதுட்டி, ராகு காலம் வருதுட்டி" என்பது மட்டும் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஸ்பிரிங் கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தூசியோடு வெளியே வந்த மாமாவின் சட்டைப் பையில் ஒரு பேனா தெரிந்தது, தலையை அமுக்கினால் முனை நீளுகிற பேனா.

"மாமா, பேனாவக் குடுங்க."

"என்னம்மா, எதுவும் எழுதணுமா?"

எழுதவில்லை. பிரித்துப் போட்டு உள்ளே இருந்த ஸ்பிரிங்கை உருவினேன். கொஞ்சம் நீளம்தான். வளைத்து, அமுக்கி, பட்டனுக்கு அடியில் திணித்து, மேல் ஓட்டைப் போட்டு மூடினேன். ரிப்பேர் பார்த்ததைச் சோதிக்க மேலே ஒரு பழைய கேம் செட்டை டிவியோடு மாட்டி வைத்திருப்போம். அதைப் போட்டு, கார் ரேஸை ஓடவிட்டு, ரிமோட்டை அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை கைப்பையைக் கீழே வைத்தார். அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

கார் கிளம்பியது. நேராகப் போயிற்று. முதல் வளைவில் அடங்கித் திரும்பியது. அத்தையின் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. அதுவரை கண்ணியமாக உட்கார்ந்திருந்தவர் முன்னால் குனிந்தார், முந்தானையை இடுப்பில் செருகினார். "போ, போ, போலே! ஓரமாப் போ! நீ எங்கலே குறுக்க வாற!" என்று பக்கத்துக் காரைப் பார்த்துக் கத்தினார். கீழே கடையில் பையன்களின் சத்தம் நின்றுவிட்டது. மேலே யார் இவ்வளவு நன்றாகத் திட்டுவது என்று கேட்டிருப்பார்கள்.

"மதினி" என்றாள் அம்மா. "மணி நாலரை ஆவப் போவுது. பூ..."

"இருங்க மதினி, கடைசி ரவுண்டு."

"ராகு காலம் பொறந்துரும் மதினி!"

"முன்னால ஒருத்தன்தான் இருக்கான்!"

அப்போதுதான் அது நடந்தது. பேனா ஸ்பிரிங் உள்ளே மடங்கி மாட்டிக்கொண்டது. ஆக்சிலேட்டர் அழுத்தினபடியே நின்றுவிட்டது. வேறு யாராவது கடைக்குக் கொண்டுவந்திருந்தால் நானே வெட்கப்பட்டிருப்பேன், அப்படி ஒரு மட்டமான ரிப்பேர். அத்தை வலது கை விரலை எடுத்துப் பார்த்தார். வேகம் குறையவில்லை.

"ஏ, கைய எடுத்தாலும் ஓடுதே!" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சும்மா இருக்க கையாலயாவது நல்ல காரியம் செய்வோம். பூவக் கொண்டாங்க!"

அம்மா பாய்ந்து சரத்தை எடுத்து அவர் வலது கையில் திணித்தாள். அப்பா என்னைத் தோளைப் பிடித்து அத்தையின் பக்கத்தில் உட்கார வைத்தார். இடது கை ஸ்டிக்கில், கண் டிவியில், வலது கையால் என் தலையைத் தடவித் தேடினார் அத்தை. முதலில் பூ என் மூக்கில் வந்தது. பிறகு கண்ணில். கடைசியில் காதுக்கு மேலே ஒரு இடம் கிடைத்து, வளைவு வந்த வேகத்தில், என் மண்டைக்குள்ளேயே இறக்குகிற மாதிரி ஒரே அமுக்காக அமுக்கினார்.

சுருக்கென்று ஏதோ குத்தியது. ஊசி இறங்கின மாதிரி உயிர் போயிற்று. வாய் வரை வந்துவிட்டது 'ஐயோ'. பூ வைக்கும்போது பெண் ஐயோ என்றால் அதைவிட அபசகுனம் வேறு இல்லை. நான் பல்லைக் கடித்து வாயை மூடினேன். அன்றைக்கு நான் வாயை மூடிய ஒரே தருணம் அதுதான், அதுவும் சரியான தருணம். அப்பா மொபைலில் படம் எடுத்தார்.

அந்தக் காரை முந்தினாரா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. அத்தை மட்டும் பார்த்தார். முந்திவிட்டார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அம்மா என் தலைப் பூவைச் சரி செய்ய வந்தாள். மல்லிகைக்கு நடுவிலிருந்து அந்தக் குட்டி ஸ்பிரிங்கை உருவி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வீட்டுத் தரையை முழுவதும் கூட்டிப் பெருக்கித் தேடினோம், அது தாம்பாளத்துப் பூவிலேயே சுகமாக இருந்திருக்கிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தை மாதத்தில் கல்யாணம். இப்போது நான் திலக் நகர்வாசி, ரிப்பேர் மேஜையையும் கூடவே கொண்டுவந்துவிட்டேன். அத்தையின் ரிமோட்டில் சரியான ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், பேனா ஸ்பிரிங்தான் ராசி என்று தொடவிடவில்லை. ஆயுத பூஜை வந்தால் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "டிவிக்கு வை, ஃப்ரிட்ஜுக்கு வை, மிக்ஸிக்கு வை" என்பார். ரிமோட்டை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தன் இடுப்பில் செருகிக்கொள்வார். மாமா இப்போதெல்லாம் வீட்டுக்குள் நுழையும்போதே, "தடியன் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார். அத்தைக்கு அதில் கோபம் வந்ததில்லை. வேறு யாராவது அப்படிச் சொன்னால் வரும்.

அப்பா எடுத்த படம் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதில் என் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி கோணியிருக்கும். அத்தையின் கை என் காதில் இருக்கும், பார்வை வேறு எங்கேயோ இருக்கும். ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "பூ வைக்கும்போது உங்க மாமியார் எங்க பாக்காவ?" என்று கேட்காமல் போனதில்லை. நான் கதையை ஆரம்பிப்பதற்குள் மாமா முந்திக்கொள்வார்.

"தடியன் அன்னைக்கும் பிரேக் புடிக்கலம்மா" என்பார். "புடிச்சிருந்தா இந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வந்திருக்குமா?"

உள் அறையில் அத்தை ரிமோட்டோடு முன்னால் குனிந்திருப்பார். அவருக்கு முன்னால் இன்னும் ஒரு கார் இருக்கும்.